வீட்டிலேயே டயாலிசிஸா? மலச்சிக்கலை அலட்சியம் பண்ணாதீங்க!

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் டயாலிசிஸ் பைகளும் வீடு தேடி வருகின்றன. ஆவடியிலிருந்து சென்னைக்கு அடிக்கடி அலைய வேண்டாம். சரி, வயிற்றுக்குள் விட்ட 2 லிட்டர் திரவம் முழுசா வெளியே வரலைன்னா?

மலச்சிக்கல் காரணமாக இருக்கலாம். நிரம்பிய குடல், அடிவயிற்றில் இருக்கும் குழாயை அழுத்தும். இடம் மாற்றியும் விடும். வயிற்றில் கிருமித்தொற்று அபாயமும் கூடும்.

தண்ணீர்க் கட்டுப்பாடு, பாஸ்பரஸைக் குறைக்கும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை எல்லாமே மலத்தை இறுக்கலாம். அதுக்காக இஷ்டத்துக்குத் தண்ணீர், வாழைப்பழம்னு இறங்காதீங்க. மெக்னீசியம், பாஸ்பேட் கலந்த பேதி மருந்தை நீங்களே வாங்கிச் சாப்பிடவும் கூடாது. சிறுநீரகம் அவற்றை வெளியேற்றாது. லாக்டுலோஸ் போன்ற மருந்தை டாக்டர் சொல்லும் அளவில் எடுக்கலாம்.

திரவம் கலங்கலா வந்தாலோ, வயிற்றுவலி, காய்ச்சல் இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.