கதைக்கு நடுவே ஒரு பகடை

மழை கொட்டும் இரவு. எதிரே வழுக்கும் கோட்டைச் சுவர். "கயிற்றைப் பிடித்து ஏறுகிறேன்" என்கிறாள் ஒரு பெண். "சரி, பகடையை உருட்டு. ஏறினாயா, விழுந்தாயா பார்ப்போம்" என்கிறார் கதையை நடத்துபவர். உண்மையில் அங்கே மழையும் இல்லை, கோட்டையும் இல்லை. ஒரு மேஜை, அதைச் சுற்றி ஐந்தாறு பேர், காகிதம், பென்சில், சில பகடைகள். அவ்வளவுதான்.

இதற்குப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்று பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரு அமெரிக்கர்கள் உருவாக்கி 1974-ல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அச்செயல் பலித்ததா என்பதை விதிகள் முடிவு செய்யும். ஆட்டம் சூடுபிடித்துவிட்டால் மேஜை மறந்துபோகும்; விழப்போவது தானே என்று ஆடுபவர் பதறுவார். இப்படிக் கதைக்குள் ஒன்றிப்போவதற்குக் கதை சொல்பவரின் சாமர்த்தியமே காரணம் என்று நாம் எண்ணுவோம். ஆனால் விதிகளுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

இந்த விளையாட்டுகளின் பாட்டனார் ஒரு போர்ப் பயிற்சியாகும். பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் அதை வெளியிட்டார். வரைபடத்தின் மேல் படைகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்துவார்கள். நடுவர் பகடையை உருட்டி, அட்டவணையைப் பார்த்துச் சேதத்தைச் சொல்வார். அட்டவணையைப் புரட்டும் வரை போர் காத்துக்கொண்டு நிற்கும்! 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு நடுவரின் அனுபவமே முடிவு சொல்லட்டும் என்று எழுதினார். ஆட்டம் வேகமாகும், உண்மைதான். ஆனால் எல்லாமே நடுவரின் விருப்பம் என்றாகிவிட்டால், ஆடுபவர் கோட்டைச் சுவரைப் பார்க்கமாட்டார். நடுவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே விதிகள் குறைந்தால் ஒன்றிப்போதல் கூடும் என்பதை நான் முழுவதும் ஒப்புக்கொள்வதில்லை. எந்த விதி என்பதே கேள்வி.

பகடையையே எடுத்துக்கொள்வோம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்தில் 20 முகப் பகடை முக்கியமானது. ஒவ்வொரு முகமும் விழும் நிகழ்தகவு 20-ல் ஒன்று, அதாவது 5 சதவீதம். 1986-ல் வந்த 'கர்ப்ஸ்' என்ற விளையாட்டில் சாதாரண ஆறுமுகப் பகடைகள் மூன்றை உருட்டிக் கூட்டுகிறார்கள். இங்கே கதையே வேறு. மூன்று பகடைகள் விழும் வகைகள் மொத்தம் 216. அவற்றில் கூட்டுத்தொகை 3 வருவது ஒரே ஒரு வகையில். 10 வருவதோ 27 வகைகளில். வரைபடம் வரைந்தால் நடுவில் உயர்ந்த மணி வடிவம் கிடைக்கும். மூன்று பகடைகளை நூறு தடவை உருட்டிக் குறித்துப் பாருங்கள், மணி தானே எழும்.

இனிச் சுவருக்கு வருவோம். 'கர்ப்ஸ்' விதிப்படி உங்கள் திறன் எண்ணோ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி. கற்றுக்குட்டியின் எண் 10 என்றால் வெற்றி வாய்ப்பு 50 சதவீதம். கைதேர்ந்தவரின் எண் 16 என்றால் 98 சதவீதம். மழைக்காக இருவர் எண்ணிலும் 2 குறைப்போம். கைதேர்ந்தவர் 91-க்கு இறங்குகிறார், பெரிய நஷ்டமில்லை. கற்றுக்குட்டியோ 26-க்குச் சரிந்துவிடுகிறார்! இதையே 20 முகப் பகடையில் செய்தால் இருவருக்கும் சரியாகப் பத்து பத்து சதவீதம்தான் குறையும். மழையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு எது இயல்பென்று தெரியும். பழகியவர் சற்றே நிதானிப்பார். நேற்றுக் கற்றவர் விழுவார். விதி அனுபவத்தோடு ஒத்துப்போகும்போது ஆடுபவர் கணக்கை மறந்து மழையை நினைக்கிறார்.

அதற்காக 20 முகப் பகடை மட்டம் என்று சொல்லிவிடக் கூடாது. எளியவன் அரக்கனை ஒரே வெட்டில் வீழ்த்தும் சாகசக் கதைக்கு அந்தத் தாறுமாறான பகடைதான் பொருத்தம். மணி வடிவப் பகடை அங்கே சப்பென்றிருக்கும்.

2005-ல் வந்த 'டிரெட்' என்ற திகில் விளையாட்டில் பகடையே கிடையாது. மரக்கட்டைகளை அடுக்கிய 'ஜெங்கா' கோபுரம் ஒன்று மேஜை நடுவே நிற்கும். வரிசைக்கு மூன்றாக 18 வரிசை, மொத்தம் 54 கட்டைகள். ஆபத்தான செயல் எதைச் செய்தாலும் ஒரு கட்டையை உருவி மேலே வைக்க வேண்டும். உருவ மறுக்கலாம்; அப்போது செயல் பலிக்காது. கோபுரம் சரிந்தாலோ, சரித்தவரின் பாத்திரம் கதையிலிருந்து போய்விடும்.

இயற்பியல் கண்ணோடு பாருங்கள். பகடைக்கு நினைவு கிடையாது. ஒன்பது தடவை தப்பியவருக்குப் பத்தாவது தடவையும் அதே வாய்ப்புத்தான். கோபுரத்துக்கு நினைவு உண்டு. உருவிய ஒவ்வொரு கட்டையும் ஓர் ஓட்டையாக நிற்கிறது. கட்டைகள் மேலே ஏற ஏற ஈர்ப்பு மையம் உயர்கிறது, தாங்கும் பரப்போ கீழே குறைகிறது. சிறிது சாய்ந்தாலே போதும், ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு தாங்கும் பரப்பைத் தாண்டிவிடும். கதையில் பேய் நெருங்க நெருங்க மேஜையில் கோபுரமும் ஆடுகிறது. பாத்திரத்தின் பயமும் ஆடுபவரின் விரல் நடுக்கமும் ஒன்றாகிவிடுகின்றன. பகடை உருட்டும் கைக்கு இந்த நடுக்கம் வருவதில்லை.

கோடை விடுமுறையில் அண்ணன் பிள்ளைகளுடன் இதை ஆடிப் பார்த்தேன். பாழடைந்த கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்ட நால்வர் கதை. இருபதாவது கட்டை சுமாருக்குக் கடைக்குட்டி எழுந்து போய் மின்விசிறியை நிறுத்திவிட்டு வந்தான். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. கோபுரம் விழுந்து, யார் செத்தது என்று சண்டை பிடித்து ஓய்ந்த பிறகுதான், எல்லாரும் வியர்வையில் குளித்திருக்கிறோம் என்பது தெரிந்தது.