முளைப்பாரி: தெருவில் நடக்கும் விதைச் சோதனை

விருதுநகர், சிவகாசி வட்டாரக் கிராமங்களில் மாரியம்மன் பொங்கலுக்கு வளர்க்கும் முளைப்பயிர்ச் சட்டியே முளைப்பாரி. மண்சட்டியின் அடியில் வைக்கோல்; மேலே கரம்பை மண்ணும் மக்கிய எருவும். அதில் ஊறவைத்த மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு, சோளம். வெயில் படாத அறையில் வளர்வதால் தளிர்கள் வெளிறிய மஞ்சளாக நீண்டு நிற்கின்றன. யார் வீட்டு விதைக்கு வீரியம் அதிகம் என்பதை ஊர்வலத்தில் ஊரே பார்த்துவிடும். விதைப்புக்கு முன் இதைவிடச் சிக்கனமான சோதனை வேறென்ன? கும்மி கொட்டி முடித்ததும் முளைப்பாரியைக் கண்மாயில் கரைப்பார்கள்.

மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியில் மாடித்தோட்டம் போடுவோருக்கும் இதே சட்டி, இதே எரு போதும். முளைத்த நாற்றை மட்டும் மெல்ல வெயிலுக்குப் பழக்க வேண்டும்.

ஒரு வேண்டுகோள்: சட்டிக்குப் பதிலாகப் பட்டாசு வேதிப்பொருள் இருந்த பழைய டிரம்களில் கீரை போடாதீர்கள். மத்தாப்புக்குப் பச்சை நிறம் தரும் பேரியம் நைட்ரேட் நஞ்சு.