வாழைத் தோட்டத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி

திருச்சிராப்பள்ளி வழியாகச் செல்லும் சென்னை–மதுரை நெடுஞ்சாலையில், பெரிய இரும்புப் பெட்டிகளைச் சுமந்து செல்லும் லாரிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவற்றைக் கொள்கலன் என்றும், பேச்சு வழக்கில் கன்டெய்னர் என்றும் சொல்கிறோம். 1956-ஆம் ஆண்டில் மால்கம் மெக்லீன் என்னும் அமெரிக்கர் இத்தகைய 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி, நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டன் நகருக்கு அனுப்பினார். பின்னர் உலக நாடுகள் இப்பெட்டிகளுக்குப் பொதுவான அளவுகளை வகுத்துக்கொண்டன. சிறிய வகைப் பெட்டியின் நீளம் 6.06 மீட்டர், அகலம் 2.44 மீட்டர், உயரம் 2.59 மீட்டர். சரக்கு எதுவும் இல்லாத வெறும் பெட்டியே ஏறத்தாழ 2,300 கிலோ எடை இருக்கும்.

கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெட்டிகளைப் பலரும் விலைக்கு வாங்கிக் கிடங்காகப் பயன்படுத்துகின்றனர். அப்படி ஒன்றை ஸ்ரீரங்கம் தீவில், மேலூர்ப் பக்கத்து வாழைத் தோட்டம் ஒன்றுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் பெட்டி சுகமாக வந்துவிடும். கடைசி முந்நூறு மீட்டர்தான் நம்மைப் படுத்தும்!

ஸ்ரீரங்கம், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரு பாலத்தின் மேல் ஏறியாக வேண்டும். பாலங்களுக்கும் வயது உண்டு. 1976-இல் கட்டப்பட்ட காவிரிப் பாலம் பழுது பார்ப்பதற்காக 2022-இல் மூடப்பட்டு, 2023 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பெரிய பாலங்களையாவது பொறியாளர்கள் கவனித்துக்கொள்கிறார்கள். தோட்டத்து வழியில் வாய்க்காலின் மேலுள்ள சிறு பாலத்தை யார் சோதித்துப் பார்த்தார்கள்? அது மாட்டுவண்டிக்காகப் போட்டதாக இருக்கலாம். அது இடிந்தால் லாரி கவிழ்வதோடு போகாது. வாய்க்கால் அடைபட்டுக் கீழே உள்ள வயல்களுக்குத் தண்ணீரும் நின்றுவிடும். ஆகவே அதன் மேல் பாரமே விழாதபடி, கரைக்குக் கரை நீளும் கனத்த இரும்பு உத்திரங்களைப் போட்டு, அவற்றின் மேல் பெட்டியைக் கடத்துவதே நல்லது.

பாலத்தைத் தாண்டினால் மண். ஆறுகள் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அது. வாழைக்கு மிக நல்லது. சக்கரத்துக்கு மிகக் கெட்டது. இங்கே நாம் எடையை மட்டும் பார்த்தால் போதாது, அழுத்தத்தைப் பார்க்க வேண்டும். எடையை அது தாங்கி நிற்கும் பரப்பால் வகுத்தால் கிடைப்பது அழுத்தம்.

பெட்டியின் அடியில் நான்கு மூலைகளிலும் எஃகுக் கட்டைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம். நான்கின் பரப்பும் சேர்ந்து 1,152 சதுர செ.மீ. அப்படியானால் ஒவ்வொரு சதுர செ.மீ. மண்ணின் மேலும் 2 கிலோ பாரம் விழுகிறது. ஒரு கோயில் யானையின் எடை 3,000 கிலோ என்று கொள்ளுங்கள். அதன் பாதம் ஏறத்தாழ 38 செ.மீ. விட்டமுள்ள அகன்ற மெத்தை. நான்கு கால்களிலும் நிற்கும்போது சதுர செ.மீ.க்கு முக்கால் கிலோகூட வராது. யானையைவிட எடை குறைந்த பெட்டி, யானையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு மண்ணை அழுத்துகிறது!

லாரியின் நிலை இன்னும் மோசம். டயரினுள் காற்று எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறதோ, ஏறக்குறைய அதே அழுத்தத்தில்தான் டயர் தரையை மிதிக்கும். லாரி டயரில் இது சதுர செ.மீ.க்கு 7 கிலோ அளவில் இருக்கும். தார்ச்சாலை இதைத் தாங்கும். ஈர வண்டல் தாங்காது. டிராக்டரின் பெரிய டயரில் காற்றழுத்தம் மிகக் குறைவு என்பதால்தான் சேற்றிலும் அது நடமாடுகிறது.

எனவே லாரி சாலையோரத்திலேயே நிற்கட்டும். கிரேனைக் கொண்டு தூக்கி வைத்துவிடலாமே என்பீர்கள். வகுப்பில் படித்த திருப்புதிறனை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். கிரேனிலிருந்து 10 மீட்டர் தள்ளி 2.3 டன்னைப் பிடித்திருப்பதும், 3 மீட்டர் தள்ளி ஏறத்தாழ 7.7 டன்னைப் பிடித்திருப்பதும் ஒன்றே. கை நீள நீளக் கிரேனே குப்புறக் கவிழப் பார்க்கும். மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் முதலிலேயே பார்த்தாக வேண்டும். 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் தேர் ஒன்று உயரழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தனர். மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே இவ்வேலையைத் தொடங்க வேண்டும்.

பெட்டியைத் தரையில் வைத்து இழுத்தால் உராய்வு, எடையில் பாதியளவு விசையைக் கேட்கும். மண்ணில் பலகைகளை வரிசையாகப் பரப்பி, அவற்றின் மேல் இரும்புக் குழாய்களைக் குறுக்கே போட்டு, குழாய்களின் மேல் பெட்டியை உருட்டினால் நூறு கிலோ அளவு விசையே போதும்; சில ஆட்கள் கூடித் தள்ளிவிடலாம். ஒரு வேடிக்கை: பெட்டி 2 மீட்டர் நகரும்போது குழாய் 1 மீட்டர்தான் நகரும். ஆகவே பின்னால் விடுபடும் குழாயை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சரிவில் ஓடிவிடாமல் தடுக்கத் தேருக்குப் போடுவது போல முட்டுக்கட்டையும் தயாராக வேண்டும். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் இந்தக் கட்டைகளைக் கொண்டுதானே!

நூறு டன்னைத் தாண்டும் சுமை என்றால் என்ன செய்வது? இதற்கு விடை திருவெறும்பூரில் இருக்கிறது. 1965 முதல் கொதிகலன்களைச் செய்துவரும் பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலையிலிருந்து மிகப் பெரிய டிரம்கள் மின்நிலையங்களுக்குப் போகின்றன. இத்தகைய சுமைகளை ஏற்றும் வண்டிகளில் சக்கரங்கள் டஜன் கணக்கில் இருக்கும். சக்கரங்களின் மேலுள்ள எண்ணெய் உருளைகள் குழாய்களால் இணைக்கப்பட்டிருக்கும். பாஸ்கல் விதிப்படி இணைந்த உருளைகளில் எல்லாம் அழுத்தம் ஒன்றே. ஆகவே ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் மேட்டில் ஏறினாலும் அதன் பங்குப் பாரம் மாறாது. திருவாரூர் ஆழித்தேருக்கு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பிரேக் பொருத்தியவர்களும் இந்த ஆலையைச் சேர்ந்தவர்களே.

நம் பெட்டிக்கு வருவோம். வழக்கமாக மேட்டூர் அணை ஜனவரி 28-இல் மூடப்பட்டு ஜூன் 12-இல் திறக்கப்படும். இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால் வற்றி மண் இறுகியிருக்கும் என்பதால் அதுவே ஏற்ற காலம். தோட்டத்தில் நான்கு மூலைகளுக்கும் 60 செ.மீ. சதுரமான கான்கிரீட் மேடைகள் அமைத்துவிட்டால், பெட்டியால் மண்ணுக்கு வரும் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 0.16 கிலோவாகக் குறைந்துவிடும். நீங்கள் வெறுங்காலுடன் நிற்பதும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அருகே கொள்ளிடம் இருக்கிறது. 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அதன் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியே இடிந்து விழுந்தது. பெட்டியின் அடிப்பரப்பு 14.8 சதுர மீட்டர். நீர் உள்ளே புகாதவரை, அடித்தளத்துக்கு மேல் 16 செ.மீ. தண்ணீர் ஏறினாலே ஆர்க்கிமிடீஸ் விதிப்படி வெறும் பெட்டி மிதக்கத் தொடங்கிவிடும். நான்கு மூலைகளையும் சங்கிலியால் கான்கிரீட்டோடு பிணைத்த பிறகே ஆட்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.