தீர்த்தம் கொடுத்த கை

கோவில் வாசலில் 'சயனைட் மல்லிகா' என்று பெயரெடுத்த பெண் முதலில் செய்தது, காது கொடுத்துக் கேட்டதுதான். குழந்தையில்லை என்று ஒருத்தி அழுதாள். காணாமல்போன பேத்தியைத் தேடிக்கொண்டிருந்தாள் இன்னொருத்தி. அதற்கென்றே ஒரு பூஜை இருக்கிறது, வெளியூர்க் கோவிலில் செய்யவேண்டும், நல்ல புடவை கட்டி நகையெல்லாம் போட்டுக்கொண்டு வரவேண்டும் என்பாள். அங்கே தனியாக உட்காரவைத்து, கண்ணை மூடி வேண்டிக்கொள்ளச் சொல்லித் தீர்த்தம் கொடுப்பாள். அதில் சயனைடு கலந்திருக்கும்.

பெங்களூரு வட்டாரத்தில் 1999-ல் ஒரு கொலை. 2007 அக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில் ஐந்து. அந்த ஆண்டின் கடைசி நாளில் பிடிபட்டாள். சீட்டுப் பிடித்து நொடித்துப்போய், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவள். தூக்கு விதிக்கப்பட்டு, பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது.

விஷம் வேறு இடங்களிலும் இப்படித்தான் வந்தது. ஹங்கேரியின் நாகிரேவ் கிராமத்துப் பெண்கள் ஈக்கொல்லித் தாளை ஊறவைத்து ஆர்செனிக் எடுத்தார்கள். விவகாரம் 1929-ல் வெடித்தபோது, அங்கே சாவு வருடக்கணக்காக விழுந்துகொண்டிருந்தது தெரிந்தது. கேரளத்தின் கூடத்தாயியில் 2002 முதல் 2016 வரை ஒரே குடும்ப வட்டத்தில் ஆறு பேர் செத்தார்கள். கல்லறைகளைத் தோண்டியதோ 2019-ல்தான். கத்தி, துப்பாக்கி கிடையாது. சோறோ, சூப்போ, மருந்தோ கொடுக்கும் கையை யார் சந்தேகப்படுவார்கள்?

வறுமையும் வீட்டுக்குள் வாங்கிய அடியுமே இவர்களை இப்படி ஆக்கின என்பவர்கள் உண்டு. இருக்கட்டும். என் கவலை, செத்தவர்கள் எந்த நிலையில் மல்லிகாவின் கையில் சிக்கினார்கள் என்பது.

பௌர்ணமியன்று கல்பாக்கத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். பக்கத்து சீட்டுக்காரி யாரென்றே தெரியாது. ஆனால் சதுரங்கப்பட்டினம் தாண்டுவதற்குள் மருமகளின் கரு தங்காதது, மகனின் குடி, அடகுக் கடையில் இருக்கும் வளையல் என எல்லாம் அவளிடம் போய்ச் சேர்ந்துவிடும். வீட்டில் கேட்க ஆளில்லை. அதனால்தான் பஸ்ஸில் சொல்கிறார்கள். மலையடிவாரத்தில் பூ விற்கும் அம்மாவிடம் மல்லிகாவின் கதையைச் சொன்னேன். "ஆம்பள வந்து பேசினா ஒதுங்கிப்பாங்க சார். பொம்பள, அதுவும் நெத்தி நிறைய குங்குமம் வச்சவ பேசினா, கூடவே போயிடுவாங்க" என்றார்.

கோவில்களில் திருடர்கள் ஜாக்கிரதை என்று போர்டு வைக்கிறார்கள். பரிகாரம் சொல்லி வெளியூருக்குக் கூப்பிடுபவர்களைப் பற்றி ஒரு வரி சேர்த்து எழுத எவ்வளவு பெயின்ட் ஆகிவிடும்?