உரிக்க வேண்டுமா? இன்னும் பூசுங்கள்!

காரின் அலாய் வீலைக் கறுப்பாக்கிப் பார்க்க ஆசை. பிடிக்காவிட்டால் பழைய வெள்ளி நிறமும் திரும்பக் கிடைக்க வேண்டும். இரண்டுக்கும் வழிசெய்வது உரித்தெடுக்கக்கூடிய ரப்பர் பூச்சு. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலிருந்து வரும் ‘பிளாஸ்டி டிப்’ இதில் பெயர் பெற்றது. 1972-ல் அறிமுகமானபோது அதற்கும் காருக்கும் சம்பந்தமே இல்லை. கட்டிங் பிளேயர் போன்ற கருவிகளின் கைப்பிடியை டப்பாவில் முக்கி எடுத்தால், வழுக்காத ரப்பர் உறை கிடைக்கும். ஸ்பிரே வடிவில் வந்த பிறகுதான் கார் ஆர்வலர்கள் அதைச் சக்கரத்தில் அடிக்கத் தொடங்கினார்கள். பனி விழும் நாடுகளில் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பிலிருந்து சக்கரத்தைக் காக்கக் குளிர்காலத்துக்கு முன் பூசி, வசந்தத்தில் உரிப்பவர்களும் உண்டு.

உரிப்பதில்தான் பலர் திண்டாடுகிறார்கள். ஒரே இழுப்பில் வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தால், நகக்கண் அளவுத் துணுக்குகளாகப் பிய்ந்து வருகிறது.

காரணம் எளிது. ஸ்பிரேயில் ரப்பர், எளிதில் ஆவியாகும் கரைப்பான்களில் கரைந்திருக்கிறது. கரைப்பான் பறந்ததும் ரப்பர் படலம் மிஞ்சுகிறது. அது சக்கரத்தின் பெயிண்டோடு ரசாயனமாகக் கலப்பதில்லை. இறுகப் பற்றிக்கொள்கிறது, அவ்வளவே. பற்றும் வலுவைவிடப் படலத்தின் வலு அதிகமாக இருந்தால், வெந்த சேப்பங்கிழங்குத் தோல்போல முழுசாகக் கழன்று வரும். டப்பாவை மிச்சம் பிடிக்க இரண்டு கோட்டோடு நிறுத்தியவருக்கு அந்த வலு கிடைக்காது. ஐந்தாறு கோட் தேவை. ஆரங்களின் பக்கவாட்டிலும் நட்டுக் குழிகளிலும் ஸ்பிரே சரியாகப் போய்ச் சேராது என்பதால், அங்கேதான் பூச்சு மெலிந்து கிழிகிறது. வெயிலும் பிரேக் சூடும் ஆண்டுக்கணக்கில் பட்டால் ரப்பர் மொரமொரத்தும் போகும்.

கோபத்தில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துச் சுரண்டுவதுதான் பெரிய தவறு. அலாய் வீலின் மேலுள்ள நிறமற்ற பாதுகாப்புப் படலம் கீறினால், ஈரம் உள்ளே புகுந்து அலுமினியத்தை அரிக்கும். ரப்பரை எடுக்கப்போய்ச் சக்கரத்தையே கெடுத்த கதையாகிவிடும்.

சரியான வழி, கேட்பவருக்கு நம்பிக்கை வராத வழி: அதன் மேலேயே இன்னும் பூசுவது. சக்கரத்தைக் கழற்றி, பிரேக் தூசி போகக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதே ஸ்பிரேயை இடைவெளி விட்டுக் கனமாகப் பல கோட் அடிக்க வேண்டும். புதுப் பூச்சின் கரைப்பான் பழைய ரப்பரை இளக்க, இரண்டும் ஒரே தடித்த படலமாகச் சேர்ந்துகொள்ளும். ஓர் இரவு காயவிட்டு, வெயிலில் வைத்தோ ஹேர் டிரையரைக் காட்டியோ லேசாகச் சூடேற்றி, ஓரத்தை விரலால் தேய்த்துச் சுருட்டி எழுப்பி இழுத்தால் பெரிய பெரிய துண்டுகளாக வரும்.

மூலைமுடுக்கில் மிஞ்சும் துணுக்குகளுக்கு டபிள்யூ.டி. 40 போதும். 1953-ல் சான் டியேகோவில் உருவாகி, அட்லஸ் ஏவுகணையின் மேற்பரப்பைத் துருவிலிருந்து காத்த அதே எண்ணெய்தான். தெளித்துச் சற்று ஊறவிட்டு, துணியால் துடைத்தால் ரப்பர் இளகி வந்துவிடும். பிரேக் டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. சக்கரத்தைக் கழற்றச் சொல்வது அதற்காகவும்தான். பெட்ரோலும் இந்த ரப்பரைக் கரைக்கும். ஆனால் அதன் ஆவி ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அந்தக் குறுக்குவழி வேண்டவே வேண்டாம்.

வெளிமுகம் பளபளத்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் எழுந்துவிடுகிறார்கள். நட்டு உட்காரும் குழியிலும், சக்கரம் வண்டியோடு பொருந்தும் பின்பரப்பிலும் ரப்பர் ஒட்டியிருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டு தளரும். அங்கே துளிகூட மிஞ்சாமல் துடைத்தெடுங்கள். வண்டியின் கையேட்டில் சொன்ன அளவுக்கு நட்டுகளை முறுக்குங்கள். எண்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை சரிபாருங்கள்.