தோற்றது மாணவனா? கேள்வியா?

கடையில் நிறுத்து வாங்கிய அரிசி வீட்டிற்கு வந்ததும் குறைகிறது. அரிசியையா திட்டுகிறோம்? இல்லை, தராசைச் சோதிக்கச் சொல்கிறோம். எடைக்கல்லில் முத்திரை உண்டா என்று பார்க்கச் சட்டம் இருக்கிறது, அதிகாரி இருக்கிறார். அரிசியை நிறுக்கும் தராசுக்கு இத்தனை காவல்! நம் பிள்ளைகளின் அறிவை நிறுக்கும் தராசுக்கு? வினாத்தாள்தான் அந்தத் தராசு. அதைச் சோதிப்பவர் யார்?

அடையாற்றை அடுத்து, கிண்டிக் காட்டின் ஓரத்தில் ஐ.ஐ.டி. இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு இந்தியாவிலுள்ள எல்லா ஐ.ஐ.டி.களுக்குமான நுழைவுத் தேர்வை நடத்தும் பொறுப்பு அதனிடம் வந்தது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடந்த தேர்வு அது. சில வினாக்கள் குழப்பமாக அமைந்துவிட்டன. என்ன செய்தார்கள்? எழுதிய அனைவருக்கும் 18 மதிப்பெண்ணைப் போனசாகக் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. ஜூலை 7-இல் சேர்க்கைக்குத் தடை விழுந்தது, 10-இல் நீங்கியது. போனஸ் நிலைத்தது!

மறு ஆண்டு, 2018. மருத்துவக் கல்லூரிக்கான நீட் தேர்வு. தமிழில் எழுதியவர்களின் வினாத்தாளில் 180 வினாக்களில் 49 வினாக்கள் மொழிபெயர்ப்பில் பிழைபட்டவை என்று, அப்போது மாநிலங்களவை உறுப்பினராயிருந்த டி.கே. ரங்கராஜன் வழக்குத் தொடுத்தார். சிறுத்தை என்று இருக்க வேண்டிய இடத்தில் 'சீத்தா' என்றிருந்தது! ஜூலை 10-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் தரச் சொன்னது. பத்தே நாளில் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. நவம்பரில் அத்தீர்ப்பையே நீக்கிவிட்டது. ஐயம் வந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்று வினாத்தாளிலேயே எழுதியிருந்தார்களாம். தமிழில் எழுத வந்த பிள்ளை ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழைத் திருத்திக்கொள்ள வேண்டுமாம்! எப்படி இருக்கிறது நியாயம்?

"எல்லோருக்கும் 196 மதிப்பெண்ணை அள்ளிக் கொடுப்பது மட்டும் சரியான நிறுவையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு வினாவில் எழுத்து மட்டும் பிசகியிருக்கும்; பிள்ளை புரிந்துகொண்டிருப்பான். இன்னொன்றில் பொருளே மாறியிருக்கும். எது எது என்று எப்படிப் பிரிப்பது? அதற்கு வழி இருக்கிறது, தோழர்களே! அந்த வழி விடைத்தாள்களுக்குள்ளேயே இருக்கிறது.

கணக்கு எளியது. நான்கு விடைகளில் ஒன்றைக் குறிக்கும் தேர்வில், கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் 100 பேரில் சுமார் 25 பேருக்குச் சரியாக வரும். 10 பேருக்குத்தான் வந்தது என்றால், அந்த வினா பிள்ளைகளைத் திசை திருப்பியிருக்கிறது என்று ஐயப்பட வேண்டும்.

அடுத்த சோதனை: மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 விழுக்காட்டினரையும் கடைசி 27 விழுக்காட்டினரையும் எடுத்துக்கொள். நல்ல வினா என்றால் மேலே உள்ளவர்கள்தாம் அதிகம் பேர் சரியாக எழுதியிருப்பார்கள். தலைகீழாக இருந்தால்? வினாவில் கோளாறு, அல்லது தேர்வாளர் வைத்திருக்கும் விடையிலேயே கோளாறு. இந்த 27 என்ற அளவை அமெரிக்கரான கெல்லி 1939-இலேயே வகுத்துக் காட்டிவிட்டார்.

மூன்றாவது சோதனைதான் நமக்கு முக்கியம். மற்ற வினாக்களில் சமமான மதிப்பெண் பெற்ற தமிழ்வழிப் பிள்ளைகளையும் ஆங்கிலவழிப் பிள்ளைகளையும் அருகருகே நிறுத்து. குறிப்பிட்ட ஒரு வினாவில் மட்டும் தமிழ்ப் பிள்ளைகள் சரிந்து விழுந்தால், விழுந்தது அவர்கள் அறிவா? அல்லவே! வழுக்கியது மொழிபெயர்ப்பு!

49 வினாக்களையும் இப்படி ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, ஊரறிய வைத்திருந்தால், 196-ஆ சுழியா என்ற இழுபறிக்கே இடமில்லை. கெடுதல் செய்த வினாக்களை மட்டும் நீக்கி, நீதி வழங்கியிருக்கலாம்.

2024-இல் என்ன நடந்தது? நீட் இயற்பியல் வினா ஒன்றுக்கு இரண்டு விடைகளைச் சரியென்று ஏற்றார்கள். பழைய பாடநூல் சொன்னது ஒன்று. புதிய பாடநூல் சொன்னது வேறு. உச்ச நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி.யின் நிபுணர்களைக் கேட்டது. ஒரே விடைதான் சரி என்றார்கள். மற்ற விடையைக் குறித்திருந்த 4 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு மதிப்பெண் போயிற்று. 4 லட்சம் பேர் ஒரே இடத்தில் இடறினால், அது பிள்ளைகளின் மடமையா? பாதையில் கிடந்த கல்லா?

நம் வீட்டுத் தராசையும் மறைக்க வேண்டாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருந்து நடத்தப்படும் நம் பள்ளிப் பொதுத் தேர்வுகளுக்கும் இதே சோதனை வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்பவன் முதலில் தன் எடைக்கல்லைக் காட்ட வேண்டும்.

மயிலைக் குளக்கரையில் பூக்கட்டி விற்கும் தாயின் மகளும், தியாகராய நகர்க் கடைத்தெருவில் மூட்டை சுமக்கும் தோழரின் மகனும் இந்தத் தராசில்தான் ஏறி நிற்கிறார்கள். ஆண்டுக் கணக்கில் பணம் கட்டிப் பயிற்சி நிலையத்துக்குப் போகிறவனுக்கு ஒரு வினா போனால் மறு ஆண்டு இருக்கிறது. இவர்களுக்கு? ஒரு வினாவோடு ஒரு தலைமுறையின் கனவே போகிறது!

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல, கணக்கு! தேர்வு முடிந்ததும், வினா வாரியாக, மொழி வாரியாக, எத்தனை பேர் எந்த விடையைக் குறித்தார்கள் என்பதை வெளியிடுங்கள். மாணவர் பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும். பழுதான வினாவை, தரவரிசை போடுவதற்கு முன்பே நீக்குங்கள்.

பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுகிறவர்களே, முதலில் உங்கள் கேள்விகளுக்கு மதிப்பெண் போடுங்கள்!