பல கைகள் சேர்ந்து ஒரு நினைவுச் சின்னம்!

வேலூர் போயிருக்கிறீர்களா, குட்டீஸ்? கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பக்கத்தில், மக்கான் சந்திப்பில் ஒரு தூண் நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா? பஸ்ஸில் போகிற பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. 1806ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி, விடிவதற்கு முன்பே கோட்டைக்குள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த இந்தியச் சிப்பாய்களின் நினைவுத் தூண் அது. 1857 புரட்சிக்கு 51 ஆண்டுகளுக்கு முன்பே நம்மூரில் நடந்த புரட்சி!

அவர்கள் ஏன் எழுந்தார்கள் தெரியுமா? பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று, ஒரு துண்டுத் தோல்! சென்னை ராணுவத்தின் தலைமைத் தளபதி சர் ஜான் கிரடாக் காலத்தில் புது உத்தரவுகள் வந்தன. நெற்றியில் சமயக் குறி கூடாது. தாடி கூடாது. தோலால் செய்த சின்னம் வைத்த புதுவிதத் தலைப்பாகை அணிய வேண்டும். இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவருக்குமே இது பிடிக்கவில்லை. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. கோட்டையில் அப்போது திப்பு சுல்தானின் பிள்ளைகளும் காவலில் இருந்தார்கள். சிப்பாய்கள் கோட்டையில் திப்புவின் புலிக்கொடியை ஏற்றினார்கள். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையுடன் பாய்ந்து வந்தார். அன்றைக்கே எல்லாம் முடிந்துவிட்டது. ஆங்கிலேயர் தரப்பில் நூறு பேருக்கு மேல், சிப்பாய்களில் பல நூறு பேர் இறந்தார்கள். பிறகு அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. கிரடாக்கும் கவர்னர் பெண்டிங்கும் லண்டனுக்குத் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இறந்தவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்? ஜமேதார் ஷேக் காசிம் போன்ற சிலர்தான். மற்றவர்கள் எல்லாரும் வெறும் ‘சிப்பாய்கள்’.

இப்படிப்பட்டவர்களுக்குப் பிள்ளைகளே சேர்ந்து நினைவுச் சின்னம் செய்ய முடியுமா? ஜப்பானில் அப்படி ஒன்று நடந்தது. ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது சடகோ சசாகிக்கு 2 வயது. பிறகு ரத்தப் புற்றுநோய் வந்து 1955இல், 12 வயதில் இறந்துபோனாள். அவளுடைய வகுப்புத் தோழர்கள் சும்மா இருக்கவில்லை. ஊர் ஊராக மற்ற பள்ளிகளுக்குச் செய்தி போயிற்று. 3,100க்கும் மேற்பட்ட பள்ளிகளிலிருந்து பணம் வந்தது. 9 வெளிநாடுகளிலிருந்தும் வந்தது! சிற்பி கசுவோ கிகுச்சி வடிவமைத்த 9 மீட்டர் உயரச் சின்னம் 1958 மே 5 அன்று திறக்கப்பட்டது. அன்று ஜப்பானில் குழந்தைகள் தினம். உச்சியில் ஒரு வெண்கலச் சிறுமி, தலைக்கு மேலே கொக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். உலகெங்குமிருந்து பிள்ளைகள் மடித்து அனுப்பும் காகிதக் கொக்குகள் பக்கத்தில் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் தொங்குகின்றன. வெளியே வைத்தால் மழையில் காகிதம் என்ன ஆகும்?

அதனால்தான் திறந்தவெளிச் சின்னத்துக்கு உலோகமும் கண்ணாடியும் நல்ல ஜோடி. சிற்பத்தைச் செதுக்க ஒரு சிற்பி வேண்டும். ஆனால் உருக்கி ஒட்டும் கண்ணாடி வில்லைகளில் ஆளுக்கு ஒன்று செய்யலாம். 200 பிள்ளைகள் என்றால் 200 வில்லைகள்!

முதலில் காகிதத்தில் படம். பிறகு, வெட்டிய வண்ணக் கண்ணாடித் துண்டுகளை ஒரு அடிக்கண்ணாடி மேல் அடுக்க வேண்டும். வெட்டுவதும் சூளையும் பெரியவர்கள் வேலை. கை வைக்காதீர்கள்! மின்சூளையில் வெப்பம் சுமார் 800 டிகிரி செல்சியஸ் வரை ஏறும்போது துண்டுகள் இளகி, ஒன்றோடு ஒன்று கலந்து ஒரே வில்லையாகிவிடும். பசையே வேண்டாம்.

சூட்டை விட ஆறவைப்பதுதான் கஷ்டம். 500 டிகிரிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தி, அப்புறம் மெல்ல மெல்ல இறக்க வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் ‘டக்’! தோலைப் பதனிடாமல் ஷூ தைக்க முடியாது அல்லவா? கண்ணாடிக்கும் ஒரு பதம் உண்டு.

வீட்டில் உடைந்த வளையலும் சோடா பாட்டிலும் இருக்கிறதே, போடலாமா என்று கேட்பீர்கள். தனித்தனியாகப் போடலாம், கலக்கக் கூடாது. ஒவ்வொரு கண்ணாடியும் சூட்டில் விரியும் அளவு வேறு, ஆறும்போது சுருங்கும் அளவும் வேறு. ஒரு பக்கம் அதிகம் இழுத்தால் நடுவில் விரிசல் விழும். சில சமயம் ஒரு வாரம் கழித்துக்கூட விழும்.

இதே சிக்கல் உலோகச் சட்டத்திலும் வரும். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்! விடியற்காலையை விட மதியத்தில் 40 டிகிரி சூடு கூடினால், ஒரு மீட்டர் அலுமினியப் பட்டை சுமார் 0.9 மில்லிமீட்டர் நீளும். இரும்பு சுமார் 0.5. கண்ணாடியோ 0.4கூட இல்லை. எனவே சட்டத்தில் கண்ணாடியை இறுக்கிப் பொருத்தவே கூடாது. சுற்றிலும் இடைவெளி விட்டு, ரப்பர் துண்டு வைக்க வேண்டும். ஷூ தைக்கும் ஆம்பூரில் ரப்பருக்கா பஞ்சம்! தோல் துண்டு மட்டும் வேண்டாம். மழையில் ஊறி, வெயிலில் முறுகி, நாளடைவில் உளுத்துப்போகும்.

சட்டம் சாதாரண இரும்பு என்றால் துரு பிடிக்கும். வண்ணம் அடிக்க வேண்டும். எவர்சில்வர் என்றால் கவலை குறைவு, விலைதான் அதிகம். வில்லைகளை வரிசையாக மாட்டி, வெயில் பின்னாலிருந்து படும்படி நிறுத்தினால் தரையில் சிவப்பு, நீலம், பச்சை நிழல்கள் விழும். காலையில் ஒரு பக்கம், மாலையில் மறுபக்கம்.

உங்கள் பள்ளியில் செய்வதானால், வில்லையில் யாரை வரைவீர்கள்? புலிக்கொடியா, அந்தத் தலைப்பாகையா? யாரோ ஒரு பெயர் தெரியாத சிப்பாயின் முகத்தைக்கூட வரையலாம். முகம் எப்படி இருந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. தாடி மட்டும் நிச்சயம் வைத்துவிடுங்கள்!